விசர்நாய்க்கடிப் பயம்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை வாசிக்க வருபவர்கள் இரண்டு வகை. ஒன்று, இன்றோ நேற்றோ நாய் கடித்தவர்கள். உங்களுக்கு முதல் கேள்வி மட்டும் போதும், வாசித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கள். மற்றது, கடித்துப் பல மாதமானவர்கள், ஊசி எல்லாம் போட்டு முடித்தவர்கள், நாய் பக்கத்தால் போனதற்கே நித்திரையில்லாமல் கிடப்பவர்கள். மிச்சமெல்லாம் உங்களுக்குத்தான். உளவளத்துணை வேலையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் காதில் விழுந்த கேள்விகள் இவை. ஆளை அடையாளம் பிடிக்க முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இன்றைக்குத்தான் நாய் கடித்தது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லாவிட்டால் கிணற்றடியில் இருந்துகொண்டு ஒருவரை வாளியால் ஊற்றச் சொல்லுங்கள். 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம், மணிக்கூட்டைப் பாருங்கள். இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புப் போர்வை இருக்கிறது. சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும், அதனால்தான் இந்தச் சாதாரண வேலைக்கு இவ்வளவு மதிப்பு. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

பிறகு நேரே அரசாங்க ஆஸ்பத்திரி. விசர்நாய்க்கடி ஊசி அங்கே இலவசம். காயம் பெரிதென்றால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். எங்கள் பக்கம் பாம்புக்கும் நாய்க்கும் ஒரே விஷகடி வைத்தியரிடம் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பார்வை பார்க்க விரும்பினால் பாருங்கள், ஆனால் ஊசி போட்ட பிறகு. கடித்து நாலைந்து நாளாகிவிட்டது, இனிப் போய் என்ன என்று நினைத்தாலும் போங்கள். பிந்திப் போனதற்காக ஊசி போட மாட்டோம் என்று ஒரு விதி இல்லை.

எனக்குக் கடிக்கவே இல்லை. நக்கினது, உரசினது, நகம் பட்டது. இதெல்லாம் கணக்கா?

வைத்தியர்கள் மூன்று தரமாகப் பிரிப்பார்கள். நாயைத் தொட்டது, சாப்பாடு வைத்தது, காயமில்லாத தோலை அது நக்கியது: இவை தொற்றும் வழியே இல்லை, கழுவினால் போதும். இரத்தம் வராத சிறு கீறல், தோலை இலேசாகப் பல் கடித்திழுத்தது: கழுவிவிட்டு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், ஊசி பற்றி அங்கே முடிவெடுப்பார்கள். தோல் கிழிந்து இரத்தம் வந்த கடி, புண்ணில் நக்கியது, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது: இது கடுமையான தரம். ஊசியோடு காயத்தைச் சுற்றிச் சீரமும் (வைரஸை உடனே எதிர்க்கும் மருந்து) தேவைப்படலாம்.

தெரிந்து வைத்திருக்க வேண்டிய பிரிவு இவ்வளவுதான். நாலாவது தரமாக ‘ஒருவேளை எனக்குத் தெரியாமல் பட்டிருக்குமோ’ என்று ஒன்று எந்த வைத்தியப் புத்தகத்திலும் கிடையாது. அந்தத் தரத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர்கள்தான் எங்களிடம் அதிகம் வருகிறார்கள்.

செருப்பில் நாயின் எச்சில் இருந்திருக்கலாம். கொடியில் காய்ந்த உடுப்பில் நாய் முகர்ந்தது. கிணற்றுக்குள் நாய் விழுந்தது. எப்படித் தெரிந்துகொள்வது?

தெரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை. உடம்புக்கு வெளியே வந்தால் இந்த வைரஸ் நிலைக்காது. காய்ந்தால் செத்துவிடும், வெயிலில் செத்துவிடும். வன்னி வெயிலில் கொடியில் காய்ந்த சேலையில் அது குந்தியிருக்கப் போவதில்லை. கட்டில்லாத கிணற்றில் நாய் விழுந்தால் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். ஆனால் அது வயிற்றோட்டத்துக்குப் பயந்து, விசர்நாய்க்கடிக்குப் பயந்து இல்லை. மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம், பஸ் சீற், கடை வாங்கு, காசுத்தாள் எல்லாவற்றுக்கும் இதே பதில்.

பால் பற்றியும் கேட்கிறார்கள். காய்ச்சிய பாலில் பயமில்லை. நோய் வந்த மாட்டின் பாலைப் பச்சையாகக் குடித்திருந்தால் ஆஸ்பத்திரியில் ஒருமுறை கேளுங்கள்.

எலி, குரங்கு, கீரி, வௌவால்?

வீட்டு எலியால் மனிதருக்கு விசர்நாய்க்கடி வருவது இல்லையென்றே சொல்லலாம். எலிக்காய்ச்சல் வேறு, அது வயல் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டிய நோய். பூனை, கீரி, மரநாய், நரி, குரங்கு கடித்தால் நாய் கடித்த மாதிரியே கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வௌவால் பற்றி இணையத்தில் வாசித்துப் பயந்தவர்கள் உண்டு. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் பழந்தின்னி வௌவால்களிடம் விசர்நாய்க்கடி வைரஸுக்கு உறவுமுறையான இன்னொரு வைரஸைக் கண்டுபிடித்து, 2016இல் அதைப் பற்றி எழுதினார்கள். அதனால் வௌவால் கடித்தாலோ கீறினாலோ போய்க் காட்டுங்கள். வேம்பில் தொங்குவதும், பின்னேரம் தலைக்கு மேலால் பறப்பதும், கடித்துப் போட்ட கொய்யாப்பழம் முற்றத்தில் கிடப்பதும் கடி ஆகாது.

ஆஸ்பத்திரியில் ஊசி போடாமல் ‘நாயைப் பாருங்கோ’ என்று அனுப்பிவிட்டார்கள். கவலையீனமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்குப் பயம் தொடங்குவதே இந்த இடத்தில்தான்.

வைரஸ் நாயின் எச்சிலுக்கு வருவது அதன் மூளைக்குப் போன பிறகு. எச்சிலில் வைரஸ் இருக்கும் நாய் சில நாட்களுக்குள் நோயாளியாகிச் செத்துப்போகும். ஆகவே கடித்த நாய் இரண்டு கிழமை கழித்தும் வழமைபோலச் சாப்பிட்டுக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இருக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் இதற்கு 10 நாள் சொல்கிறது, இலங்கையில் 14 நாள் பார்க்கச் சொல்வார்கள். நாயே உங்களுக்கான பரிசோதனைக் கூடம். எந்த இரத்தப் பரிசோதனையாலும் தர முடியாத பதிலை அது தருகிறது.

பயம் பிடித்தவர்கள் இங்கே செய்வது என்ன தெரியுமா? 14ஆம் நாள் நாய் உயிரோடு நிற்கும். அன்றிரவு நன்றாக நித்திரை வரும். 15ஆம் நாள் காலை, ‘நான் பார்த்தது அதே நாய்தானா, அதன் தம்பியா?’ என்று தொடங்கும். 20ஆம் நாள் பக்கத்து வீட்டு வேலியால் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு அக்கா மாதக்கணக்காக அந்த நாய்க்குப் பிஸ்கற் கொண்டுபோய்க் கொடுத்தார். நாய் நன்றாகக் கொழுத்தது, அக்கா மெலிந்தார். 14ஆம் நாள் பார்த்தால் அதோடு கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு நாயைப் பார்க்கப் போவது பயத்துக்குச் சாப்பாடு போடுவது.

அந்த 14 நாளுக்குள் நாய் செத்தாலோ, காணாமல் போனாலோ, விசர் பிடித்த மாதிரி நடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செத்த நாயைப் புதைக்க முதல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலையை அனுப்பிச் சோதிக்க வழி இருக்கிறது.

கடித்தது கட்டாக்காலி நாய். எங்கே தேடுவது?

தேடி அலைய வேண்டாம். பார்த்து வைக்க முடியாத நாய் என்றால் அதைச் சொல்லி ஊசியைத் தொடங்குவார்கள்.

ஊசி எல்லாம் போட்டு முடித்தேன். ஆனால் அது வேலை செய்திருக்குமா?

கேட்கும் விதம் பல. கரண்ட் போன நாளில் குளிர்ப்பெட்டி வேலை செய்திருக்குமா, தாதி சரியாகக் குத்தினாரா, தோலில் கொப்புளம் சின்னதாக வந்ததே, மூன்றாவது ஊசிக்கு ஒருநாள் பிந்திப் போனேனே, ஊசி போட்ட அன்று கணவாய் சாப்பிட்டேனே.

நேரே சொல்கிறேன். காயத்தைக் கழுவி, முறைப்படி ஊசி போட்டால் விசர்நாய்க்கடி வராமல் தடுக்கலாம். இந்த நோயில் மருத்துவத்தின் பலமே அதுதான். ஒரு ஊசிக்கு ஒன்றிரண்டு நாள் பிந்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. தடுப்பூசியில் இருப்பது செத்த வைரஸ், ஊசியால் நோய் வராது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று அம்மம்மா சொன்னது அந்தக் காலத்து மருந்து, இப்போது அது பாவனையில் இல்லை. எதிர்ப்பு வந்திருக்கிறதா என்று இரத்தம் சோதிப்பதும் சாதாரண உடல்நிலை உள்ளவருக்குத் தேவைப்படாது. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் மட்டும் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஊசித் திகதிகள் எழுதிய அட்டையைப் பத்திரமாக வையுங்கள், இன்னொரு தடவை கடித்தால் உதவும். ஆனால் பத்திரம் என்றால் அலுமாரி. ஒட்டுசுட்டான் பக்கம் ஒருவர் அந்த அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சேட்டுப் பையில் கொண்டு திரிந்தார். வயலில், சந்தையில், செத்தவீட்டில்கூட எடுத்துத் திகதியைப் பார்ப்பார். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, மூன்றாவது ஊசியின் திகதி வாசிக்க முடியாமல் போனது. அதிலிருந்து அந்த ஊசி போட்டதா இல்லையா என்ற சந்தேகம் தொடங்கிவிட்டது.

கடித்த காலில் விறுவிறுக்கிறது. தொண்டை அடைக்கிறது. இது தொடங்கிவிட்டதா?

விசர்நாய்க்கடி தொடங்கும்போது காய்ச்சல், கடித்த இடத்தில் வலி அல்லது விறுவிறுப்பு, சோர்வு வரலாம். பிறகு நோய் நிற்காமல் முன்னே போகும். சில நாட்களுக்குள் ஆள் பதறுவார், தண்ணீர் விழுங்கப் போனால் தொண்டை தசை பிடித்து இழுக்கும், முகத்தில் காற்றுப் பட்டாலே துடிப்பார். இரண்டு மாதமாக வந்து வந்து போகும் விறுவிறுப்பு, சமைக்கும்போது மறந்துபோய் இரவு படுத்ததும் திரும்ப வருவது, இன்று வலது கால் நாளை இடது கை: விசர்நாய்க்கடி அப்படிப் போக்குக் காட்டாது.

பதகளிப்புத்தான் அப்படிச் செய்யும். பயந்தால் மூச்சு வேகமாகும், அதனால் விரல் நுனியும் உதடும் விறைக்கும். தசை இறுகும், வாய் காயும், தொண்டையில் உருண்டை நிற்பது போலிருக்கும். இவை உண்மையான உடல் அறிகுறிகள், நீங்கள் கற்பனை செய்யவில்லை. காரணம்தான் வேறு.

துணுக்காய்ப் பக்கம் ஒரு இளம் ஆசிரியர். காலையில் எழும்பியதும் செம்பில் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு மிடறாக விழுங்கிப் பார்ப்பார், இறங்குகிறதா என்று. பிறகு மின்விசிறியைக் கூட்டிவிட்டு அதற்கு நேரே முகத்தைப் பிடிப்பார். பள்ளிக்கூடத்தில் பாடத்துக்குப் பாடம் எச்சில் விழுங்கிப் பார்ப்பார். தண்ணீர் இல்லாமல் திரும்பத் திரும்ப விழுங்கினால் யாருக்கும் தொண்டை பிடிக்கும், நீங்களும் இப்போது நாலு தரம் விழுங்கிப் பாருங்கள், ஐந்தாவது கஷ்டம். மத்தியானம் அவருக்குத் தண்ணீர் இறங்காது. அதோடு நோய் உறுதி என்று முடிவெடுத்துவிடுவார். அவருக்கு நாங்கள் கொடுத்த முதல் வேலை, தாகம் வந்தால் மட்டும் தண்ணீர் குடிப்பது. கேட்கச் சின்ன விஷயம், அவருக்கு அது மலை.

முகாமில் இருந்த காலத்தில் கடித்தது. அப்போது ஊசி போடவில்லை. இத்தனை வருடம் கழித்து வருமா?

2009இல் ஷெல்லுக்கும் பட்டினிக்கும் தப்பி ஓடியவர்களுக்கு நாய்க்கடி ஒரு கதையாகவே தெரிந்திருக்காது. பிள்ளைகுட்டி பெற்று வீடு கட்டி அமைதியாக இருக்கும் இப்போதுதான் அது ஞாபகத்தில் எழும்பி வருகிறது. ஓடும்போது பயப்பட நேரமில்லாமல் போனவர்களுக்கு, இருந்து மூச்சுவிட்ட பிறகு பயம் வருவதை இந்த வேலையில் நிறையப் பார்க்கிறோம்.

நோய் வெளிப்பட எடுக்கும் காலம் பொதுவாக 2 முதல் 3 மாதம். ஒரு வருடத்தைத் தாண்டுவது அரிது. அந்த அரிதைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். வைத்தியரிடம் ஒருமுறை போய், எப்போது, எந்த மிருகம், என்ன காயம் என்று முழுதாகச் சொல்லி, ஊசி தேவையா என்று கேளுங்கள். பதிலைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு அதே கேள்வியை வேறு வைத்தியரிடம் கொண்டுபோகாதீர்கள். இரண்டாவது வைத்தியர் வேறு சொல் ஒன்றைப் பாவித்திருப்பார், அந்த ஒரு சொல்லுக்காக மூன்றாவது வைத்தியரிடம் போக வேண்டிவரும்.

ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் நிம்மதி வருமே?

அறிகுறி வர முதல் ஒருவரின் உடம்பில் விசர்நாய்க்கடி இருக்கிறதா என்று சொல்லும் பரிசோதனை எங்கும் இல்லை. கொழும்பிலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை. காசு செலவழித்துக்கொண்டு திரியாதீர்கள்.

ஏன் எனக்கு மட்டும் இப்படி? வீட்டில் எல்லாரையும் நாய் நக்குகிறது, அவர்கள் நித்திரை கொள்கிறார்கள்.

விசர்நாய்க்கடி பயத்துக்கென்றே செய்து வைத்த நோய் போன்றது. அறிகுறி வந்தால் அனேகமாக மரணம் நிச்சயம், கிருமி கண்ணுக்குத் தெரியாது, பல மாதம் சத்தமில்லாமல் இருக்கும், நாய் எல்லா ஒழுங்கையிலும் நிற்கும். மனம் ‘வந்தால் என்ன நடக்கும்’ என்பதைப் பார்த்து நடுங்கி, ‘வருமா’ என்பதைக் கணக்கெடுக்க மறந்துவிடுகிறது. 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். நாய்களுக்கும் மனிதருக்கும் ஊசி போட்டுப் போட்டு, அண்மைக் காலத்தில் அது முழு நாட்டுக்கும் வருடத்தில் 20, 30 என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஒரு உயிரும் போகக்கூடாதுதான். ஆனால் ஊசி முழுதாகப் போட்டு முடித்த நீங்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை.

யாருக்குப் பிடிக்கிறது? சிறுவயதிலிருந்தே எதற்கும் யோசிப்பவர்களுக்கு, அண்மையில் ஒரு சாவைக் கண்டவர்களுக்கு, பிள்ளை பெற்ற தாய்மாருக்கு, அந்நேரம் வேறு ஏதோ பெரிய பிரச்சினை ஓடுபவர்களுக்கு. கடன் தவணை கட்ட முடியாத மாதத்தில் பழைய நாய்க்கடி ஞாபகம் வருவது தற்செயல் என்று நான் நம்புவதில்லை. சிலருக்கு இது கை கழுவிக் கழுவித் தோல் உரியும் வரை போகும், மனதில் வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வரும் நோயின் ஒரு முகம் அது. அதற்கு வைத்தியம் இருக்கிறது. மனப்பலம் போதாததால் வந்ததென்று யாரும் சொன்னால் காதில் போடாதீர்கள்.

போனில் தேடுவதை நிறுத்த முடியவில்லை.

நுளம்பு கடித்த இடத்தைச் சொறிவது போலத்தான் இது, சொறியும்போது சுகம், பிறகு இன்னும் கடிக்கும். தேடி ஒரு நல்ல பதில் கிடைத்தால் பத்து நிமிடம் ஆறுதல். பதினோராவது நிமிடம் ‘ஆனால்...’ வரும். மூளை அதில் கற்றுக்கொள்வது, தேடினால்தான் உயிர் தப்பலாம் என்பதை. யூடியூப்பில் நோயாளி தண்ணீரைக் கண்டு துடிக்கும் காட்சிகளைப் போடுகிறவர்களுக்கு என்ன புண்ணியம் கிடைக்கிறதோ தெரியாது. அவற்றைப் பார்த்து யாரும் காயத்தைக் கழுவியதாக நான் கேள்விப்படவில்லை, நித்திரை இழந்தவர்களைத்தான் கண்டிருக்கிறேன்.

ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் நடக்காது. முதலில் தள்ளிப்போடுங்கள். தேட வேண்டும் போலிருந்தால் அரை மணித்தியாலம் கழித்துத் தேடுவேன் என்று போனை இன்னொரு அறையில் வைத்துவிட்டு முற்றத்தைக் கூட்டுங்கள், ஆட்டுக்குக் குழை ஒடியுங்கள். அந்த அரை மணித்தியாலம் பொல்லாததாக இருக்கும், பயம் உச்சிக்கு ஏறும். பிறகு ஒன்றும் செய்யாமலே கொஞ்சம் கீழே வரும். அது தானாக இறங்கும் என்பதை உடம்பு நேரில் காண வேண்டும், மற்றவர் சொல்லி அது விளங்காது. சில நாளில் அரை மணியை ஒரு மணியாக்குங்கள். சிலருக்கு உதவும் இன்னொரு வழி, பின்னேரம் 5 மணிக்கு 20 நிமிடம் யோசிப்பதற்கென்றே ஒதுக்குவது. காலையில் எண்ணம் வந்தால் ‘5 மணிக்கு வா’ என்று ஒரு சொல்லில் கொப்பியில் குறித்துவிட்டு வேலையைப் பாருங்கள். 5 மணிக்குப் பார்த்தால் பாதி எண்ணம் வாடிப்போயிருக்கும். படுக்கைக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள்.

எண்ணத்தோடு வாதாடி வெல்லப் பார்க்கவும் வேண்டாம். ‘100 வீதம் வராது என்று சொல்’ என்று அது கேட்கும். நூறு வீதம் யாராலும் எதற்கும் சொல்ல முடியாது. ஏ9இல் மோட்டார் சைக்கிள் ஓடும்போது யாரும் அந்த நூறு வீதத்தைக் கேட்பதில்லை.

என் மனைவி ஒருநாளில் பத்துத் தடவை ‘எனக்கு ஒன்றும் வராதுதானே’ என்று கேட்கிறா. என்ன சொல்ல?

முதல் தடவை ஆறுதலாக, முழுதாகச் சொல்லுங்கள். அதே கேள்வி திரும்ப வந்தால் அதற்குப் பதில் சொல்லாமல் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள்: ‘பயம் வந்திட்டுதென்று தெரியுது. இதுக்கு நாங்கள் பதில் கண்டாச்சு. வா, தேத்தண்ணி போடுவம்.’ கோபம் வேண்டாம். ‘விசர்க்கதை கதையாதை’ என்று ஒருமுறை சொன்னால் அவ பிறகு உங்களிடம் கேட்காமல் இரவில் தனியே போனில் தேடுவா.

முதலிலேயே இரண்டு பேருமாக இருந்து பேசி ஒத்துக்கொண்ட பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். திடீரென்று பதில் சொல்வதை நிறுத்தினால், இவர் எதையோ மறைக்கிறார் என்று நினைப்பா.

நாய் நிற்கும் பாதையால் போக முடியவில்லை.

வைரவர் கோயில் வாசலில் நாய் படுத்திருக்கும் என்று கோயிலுக்கே போகாமல் விட்டு, பிறகு சாமி குற்றம் வருமோ என்று இரண்டாவது பயத்தையும் தேடிக்கொண்ட ஐயா ஒருவரைத் தெரியும். ஒதுங்க ஒதுங்க உலகம் சுருங்கும். முதலில் கடை, பிறகு சந்தி, பிறகு படலை.

திரும்பிப் போவதைச் சின்னப் படிகளாகச் செய்யுங்கள். அவர் முதலில் வீட்டுப் படலையடியில் கதிரை போட்டு இருந்து, ஒழுங்கையால் போகும் நாய்களைப் பார்த்தார். பிறகு மகனோடு கோயில் சந்தி வரை போனார், பிறகு தனியே. ஒவ்வொரு படியிலும் பயம் பாதியாவது இறங்கும் வரை அங்கேயே நிற்பதுதான் முக்கியம், இறங்க முதல் ஓடி வந்தால் பயம் வென்றதாகிவிடும். வீட்டுக்கு வந்து கால் கழுவலாம், ஒரு முறை, எல்லாரையும் போல. தெருநாயைத் தடவச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சாப்பிடும் நாயை, குட்டி போட்ட நாயை, கட்டிப்போட்ட நாயைத் தொடாமல் விடுவது பயம் இல்லை, புத்தி.

பிள்ளைக்கு எப்படிச் சொல்ல?

பயமுறுத்தாமல் ஒரு வசனம்: ‘நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே வந்து சொல்லு, நான் ஏசமாட்டன்.’ ஏச்சுக்குப் பயந்து கடியை மறைப்பதுதான் பிள்ளைகளுக்கு உண்மையான ஆபத்து. உங்கள் பயத்தைப் பிள்ளைக்குக் கடத்திவிட்டு ஒவ்வொரு நாளும் உடம்பைச் சோதிக்காதீர்கள். வீட்டு நாய்க்கு வருடம் தவறாமல் ஊசி போடுங்கள். ஊருக்கு வந்து இலவசமாகப் போடும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். பிள்ளையையும் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்? உளநலப் பிரிவுக்குப் போனால் ஊர் கதைக்குமே?

நித்திரை, சாப்பாடு, வேலை, பிள்ளைகளைக் கவனிப்பது இவற்றில் ஏதாவது சில கிழமைகளாகக் குழம்பியிருந்தால் போங்கள். மாவட்ட வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவு வைத்தியரிடம் ‘நாய்க்கடி யோசினையால் நித்திரை இல்லை’ என்று சொன்னாலே வழி காட்டுவார். வாசலில் சொந்தக்காரரைக் கண்டால் ‘பிரஷர் பார்க்க வந்தனான்’ என்று சொல்லுங்கள், அவரும் அதைத்தான் சொல்வார்.

அங்கே செய்வது பெரும்பாலும் பேச்சும் பயிற்சியும், மேலே எழுதியவை போன்றவை. மருந்து தேவைப்பட்டால் பதகளிப்புக்குப் பொதுவாகக் கொடுப்பவை போதைக்குப் பழக்கும் வகை இல்லை, ஆனால் வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். முதல் கிழமையில் கொஞ்சம் வயிற்றைப் பிரட்டும், அதற்காகக் கைவிடாதீர்கள். நிறுத்துவதென்றாலும் வைத்தியரிடம் கேட்டு மெல்ல நிறுத்துங்கள். சாராயம் அன்றிரவு நித்திரை தரும், விடியப் பதகளிப்பை இரட்டிப்பாக்கும்.

இப்படிப் பயந்து வாழ்வதைவிடச் செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அடிக்கலாம், தமிழில் பேசலாம். எடுத்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் பலர். ‘நாய் கடிச்சதில இருந்து எனக்குப் பயம்’ என்று தொடங்கினால் போதும், மிச்சத்தை அவர்கள் கேட்பார்கள்.